பல் பிடுங்கப் போனவர் கொண்டுவந்த படம்

மூன்றாம் வகுப்பு வாத்தியாருக்குக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது கட்டுரை நோட்டுத் திருத்தும்போதுதான். வலிக்குக் காரணமே கட்டுரைதான் என்று அவர் மனைவியிடம் அடித்துச் சொன்னார். மொத்தம் முப்பத்திரண்டு நோட்டு. தலைப்பு 'எங்கள் வீடு'. முப்பத்திரண்டு பேரும், 'எங்கள் வீடு மிகவும் அழகானது. வீட்டின் முன்னால் ஒரு தோட்டம் உள்ளது. அதில் பல வண்ண மலர்கள் பூத்துக் குலுங்குகின்றன' என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் மாடியில் குடியிருப்பவர்கள். ஒரு பையன் வீடு சைக்கிள் கடைக்கு மேலே. அங்கே வாசலில் தொங்குவது பஞ்சரான டியூப்கள் மட்டும்தான். ஒரே ஒருத்தி மட்டும் 'பூத்துக் குளுங்குகின்றன' என்று எழுதியிருந்தாள். அந்தப் பிழையைப் பார்த்து வாத்தியாருக்குச் சந்தோஷம்கூட வந்தது. அதாவது சொந்தச் சரக்காக இருந்ததே!

செவ்வாய்க்கிழமை மதியம் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பல் டாக்டரிடம் போனார். அங்கே சீட்டுக் கொடுக்கும் பெண் ஏழாம் நம்பரைக் கையில் கொடுத்து உட்காரச் சொன்னாள். வரிசையாக ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, அட்டை கிழிந்த பத்திரிகைகள், ஈறு எப்படிக் கெடுகிறது என்று விளக்கும் ஒரு பயங்கரமான விளம்பரம். விளம்பரத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வாத்தியார் எதிர்ச்சுவருக்குத் திரும்பினார். அங்கே ஒரு படம் மாட்டியிருந்தது.

யாரோ கையால் வரைந்த படம். ஒரு அறை. நடுவில் மேசை. மேசைமேல் இரண்டு கோப்பை, ஒன்று காலி, ஒன்றில் நிறைய டீ; பக்கத்தில் கட்டம்போட்ட துணியால் எதையோ மூடி வைத்திருக்கிறது. ஒரு நாற்காலி ஒழுங்காக இருக்கிறது. இன்னொன்று பின்னால் தள்ளி, யாரோ அவசரமாக எழுந்துபோன மாதிரி கோணலாகக் கிடக்கிறது. சுவரோரம் ஈரக் குடை. ஜன்னலில் நல்ல வெயில். பாதி திறந்த கதவுக்குப் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. ஆள் மட்டும் யாரும் இல்லை.

எழுந்துபோனது யார் என்று வாத்தியார் யோசிக்க ஆரம்பித்தார். சண்டையா? சண்டை என்றால் டீயை முழுசாகக் குடித்துவிட்டா எழுந்து போவார்கள்? கடன்காரனா? கல்யாணத் தரகரா? தரகர் என்றால் செருப்பை மறக்க மாட்டாரே! அவர் கதையைப் பாதிவரை கொண்டுவந்திருந்தபோது, "ஏழாம் நம்பர்!" என்று அந்தப் பெண் கூப்பிட்டாள். முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. அந்த முக்கால் மணி நேரமும் பல் வலிக்கவே இல்லை என்பது எழுந்து நிற்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

பல்லை எடுத்தாயிற்று. கடைவாயில் பஞ்சு, உதடு யாருடையதோ மாதிரி தொங்கியது. ஆனால் தலைக்குள் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இந்தப் படத்தை மட்டும் வகுப்பில் மாட்டினால்!

"ழாக்ழர்," என்றார். "அந்தப் பழ்ழை எழுத்துட்டுப் போகழாமா?"

டாக்டர் கை கழுவிக்கொண்டே திரும்பினார். இப்படிக் கேட்கிற ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். "ஓ! தாராளமா."

"ரெழ்டு நாழ்ழ திழுப்பிக் கொழுத்துழ்றேன்."

"திருப்பியா? எனக்கு எதுக்கு சார்? உங்களோடதுதான் அது. நீங்களே வச்சுக்கோங்க."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா! "பழ்ழிக்கூடத்துழ பிழ்ழைங்கழுக்குக் காட்டணும்."

"கண்டிப்பா காட்டுங்க! இனிப்பு தின்னா என்ன ஆகும்னு அதுங்களுக்கும் தெரியட்டும்."

படத்தில் இனிப்பு எங்கே வந்தது என்று வாத்தியாருக்குப் புரியவில்லை. துணிக்குள் இருப்பது இனிப்பாக இருக்கும், படத்தின் சொந்தக்காரருக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டார். டாக்டர் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை அவர் கையில் வைத்து அழுத்தினார். வலி மாத்திரை என்று எண்ணி அதைத் தோல்பையின் பக்கவாட்டு அறையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து அவர் படத்தைக் காட்டிச் சைகை செய்ததும், சீட்டுக் கொடுக்கும் பெண் உள்ளே எட்டிப் பார்த்து, "டாக்டர், சார் எடுத்துட்டுப் போறாராம்?" என்று கேட்டாள்.

"போகட்டும்மா, அவரோடதுதான்!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அதற்குமேல் அவள் என்ன செய்வாள்? தினமும் அந்தச் சட்டத்தில் தூசி தட்டி அவளுக்கும் அலுத்துப் போயிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, கழற்றி, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். வீங்கிய கன்னத்தையும் கக்கத்தில் இருந்த சட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஏங்க, பல்லு பிடுங்கத்தானே போனீங்க?"

"ம்ம்," என்றார் வாத்தியார், பெருமையாக.

மறுநாள் காலை கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆணி அடித்துப் படத்தை மாட்டினார். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். "படத்தைப் பாத்து எழுதுங்க," என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பத்து நிமிஷத்தில் முதல் நோட்டு வந்தது. 'இது ஒரு படம். படத்தில் ஒரு மேசை உள்ளது. மேசைமேல் இரண்டு கோப்பைகள் உள்ளன. ஒரு குடை உள்ளது.' இரண்டாவது நோட்டிலும் குடை உள்ளது. மூன்றாவதிலும் உள்ளது. சைக்கிள் கடை மாடிப் பையன் மட்டும் கடைசியில், 'இந்தப் படம் மிகவும் அழகானது. பல வண்ண மலர்கள் பூத்துக் குலுங்குகின்றன' என்று முடித்திருந்தான்.

"எங்கடா மலரு?" என்றார் வாத்தியார்.

"ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சார்," என்றான் அவன் நம்பிக்கையோடு.

வாத்தியாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பல் இருந்த இடம் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அப்போது முதல் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. வகுப்பில் அவளுக்குக் கேள்விப்பெட்டி என்று பெயர். ஒரு நாளைக்கு அவள் கேட்கிற கேள்விக்குப் பயந்தே போன வருஷ வாத்தியார் மாற்றல் வாங்கிப் போனதாகப் பேச்சு உண்டு.

"சார், அந்த ஆளு ஏன் ஒத்தைச் செருப்போட போனாரு?"

வாத்தியார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, வாழ்க்கையிலேயே முதல் முறையாக, மூடிக்கொண்டார். "தெரியலையேம்மா," என்றார்.

"உங்களுக்கே தெரியாதா?"

"சத்தியமா தெரியாது."

வாத்தியாருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. "இன்னொரு செருப்பை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்!" "இல்ல, அவருக்கு ஒத்தைக் காலுதான்!" "ஒத்தைக் காலுன்னா எதுக்குடா ரெண்டு செருப்பு வாங்குறாரு?" "ரெண்டாத்தான் விப்பாங்க, தெரியாதா?" "அது சரி, வெயிலடிக்குது, குடை ஏன் ஈரமா இருக்கு?" ஆளாளுக்குக் கத்தினார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வாத்தியார் எழுந்து, கேள்விகளை மட்டும் கரும்பலகையில் எழுதினார். இருபத்தொரு கேள்வி வந்தது. ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. 'இதுல உங்களுக்குப் பிடிச்ச கேள்விக்கு நாளைக்குப் பதில் கொண்டு வாங்க. உள்ளது, உள்ளனன்னு ஒரு தடவை வந்தாலும் நோட்டை வாங்க மாட்டேன்' என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை மதியத்துக்குமேல் ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். சுருட்டைமுடிப் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: 'அவர் வெளியே போகவில்லை. கண்ணாமூச்சி விளையாடுகிறார். எண்ணப் போனவர் நூறு வரைக்கும் எண்ண வேண்டும். தொண்ணூற்று ஏழில் தூங்கிவிட்டார். இவர் இன்னும் ஒளிந்துகொண்டிருக்கிறார்.' சைக்கிள் கடை மாடிப் பையன் மலர்களை விட்டுவிட்டு விசாரணை அதிகாரி ஆகியிருந்தான்: 'குடை நனைந்திருக்கிறது. வெளியே வெயில். ஆகையால் மழை வீட்டுக்குள்ளே பெய்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பெய்யும்.' ஒரு குண்டுப் பெண் கோப்பைகளை ஆராய்ந்திருந்தாள்: 'ஒரு கோப்பை காலி. இன்னொன்றில் டீ அப்படியே இருக்கிறது. ஏனென்றால் அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவர் என் சித்தி.'

வாத்தியார் சிவப்பு மைப் பேனாவைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். பிழை இருந்தது, நிறையவே இருந்தது. வாசித்து முடித்ததும் அவரவரே திருத்திக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார். சித்தி கதைக்கு அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் வாசலில் பல் டாக்டர் வந்து நின்றார். வெள்ளைக் கோட்டு, முகமூடி தாடைக்குக் கீழே தொங்கியது, ஓடிவந்ததில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"பிள்ளைங்களா, நமக்குப் படம் கொடுத்த பல் டாக்டர் இவர்தான்! வணக்கம் சொல்லுங்க."

பல் டாக்டர் என்றதும் முப்பத்திரண்டு வாயும் ஒரே சமயத்தில் இறுக மூடிக்கொண்டன. வருஷம் முழுக்க முயன்றும் வாத்தியாரால் முடியாத காரியம். "ம்ம்ம்ம்ம்" என்று மூக்கால் வணக்கம் வந்தது.

டாக்டர் வாத்தியாரை ஓரமாக இழுத்தார். "சார், நான் எங்க சார் படம் கொடுத்தேன்?"

"நீங்கதானே, உங்களோடதுதான் வச்சுக்கோங்கன்னு..."

"அது பல்லு சார்! நீங்க பல்லைக் கேட்டீங்க, நான் பல்லைக் கொடுத்தேன்! பொட்டலம் கட்டிக் கையிலயே கொடுத்தேனே!"

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகத் தோல்பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே அவருடைய கடைவாய்ப் பல் சாவகாசமாகப் படுத்திருந்தது.

"வலி மாத்திரைன்னு நினைச்சேன். ராத்திரி முழுங்கியிருப்பேன் டாக்டர். வலி இல்லாததால தப்பிச்சேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. "அந்தப் படம் என் மாமியார் வரைஞ்சது. நாலு மணி பஸ்ஸுல அவங்க வர்றாங்க. வந்தா முதல்ல சுவரைப் பார்ப்பாங்க, அப்புறம்தான் என்னைப் பார்ப்பாங்க. இப்ப அங்க ஆணி மட்டும் இருக்கு. படத்தை இறக்குங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வாத்தியார் ஆணியை நோக்கிப் போனார். வகுப்பு எழுந்து நின்றுவிட்டது. இன்னும் ஒன்பது பேர் வாசிக்கவில்லை. கேள்விப்பெட்டி டாக்டருக்கு நேரே வந்து நின்றாள். பேசும்போது மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டர் சார், நீங்க பாதிப் பல்லைப் பிடுங்கிட்டு மீதியை விட்டுடுவீங்களா?"

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. "சரி, சீக்கிரம் வாசிங்க," என்று பெருமூச்சு விட்டுவிட்டு மூன்றாம் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தார். முழங்கால் தாடையைத் தொட்டது.

ஒரு கதை முடிந்தது. இரண்டாவது கதையில், செருப்புக்காரர் பல் டாக்டருக்குப் பயந்து ஓடியவர் என்று வந்தது. டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதெப்படி? நான் வலிக்காமத்தான் பிடுங்குவேன்." பிறகு அவரே எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "ஆமா, இங்க செருப்பு இருக்கே! இடது காலு. அப்போ வலதுகால்ல போட்டுக்கிட்டுத்தான்..." விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். "ஏழு வருஷமா என் சுவர்ல தொங்குது சார். செருப்பை நான் பார்த்ததே இல்ல. சொல்லப்போனா, அத்தை கொடுத்த படம்னதும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஆணியே அடிச்சேன்."

"அப்படியா மாப்பிள்ளை?"

குரல் வாசலிலிருந்து வந்தது. அந்தக் குரலை அந்த ஊரில் கேட்காதவர்கள் குறைவு. ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் அறிவிப்புச் செய்து ஓய்வு பெற்ற குரல். வண்டி தாமதமாக வரும் என்று சொன்னால்கூடப் பயணிகள் மறுபேச்சுப் பேசாமல் உட்காருவார்கள். முந்தின பஸ்ஸே கிடைத்துவிட்டது. கிளினிக்கில் வெறும் ஆணியைப் பார்த்து, சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் நடந்ததைக் கேட்டுக்கொண்டு, மாமியார் நேரே இங்கே வந்திருந்தார்.

டாக்டர் விறைத்து நின்றார். "அத்தை, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"சொல்ல வேண்டியதைத்தான் சொல்லிட்டீங்களே," என்றார் அந்த அம்மாள். "நீங்க உக்காருங்க."

டாக்டர் மூன்றாம் பெஞ்சுக்கே திரும்பிப் போனார். வாத்தியார் முந்திக்கொண்டு, தப்பு முழுக்கத் தன்னுடையது என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் கையமர்த்தினார். "யாரோ வாசிக்கிற முறை போலிருக்கே. வாசிக்கட்டும்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சின்னப் பெண் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "துணிக்குள் இருப்பது என் தம்பி. எங்கள் வீட்டிலும் அவன் இப்படித்தான் எதையாவது போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனை யாரும் திறக்க வேண்டாம். திறந்தால் கத்துவான். அதனால்தான் எல்லாரும் போய்விட்டார்கள்."

எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. பிறகு அந்த அம்மாள் சிரித்தார். அந்தக் குரலுக்கு ஏற்ற சிரிப்பு; ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து வாத்தியார் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கேள்விப்பெட்டி விடுவாளா? "பாட்டி, நீங்கதானே வரைஞ்சீங்க? உண்மையிலேயே உள்ளே என்ன இருக்கு?"

"பாட்டியா? அத்தைன்னு கூப்பிடு. உள்ளே பூனை இருக்கு."

வகுப்பு ஓவென்று கத்தியது.

"நிஜமாத்தான். பூனைதான் வரைஞ்சேன். பூசணிக்காய்க்கு மீசை வச்ச மாதிரி வந்துச்சு. அழிச்சாலும் போகலை. மேல ஒரு துணியை வரைஞ்சு மூடிட்டேன்."

"அப்போ செருப்பு?"

"அது எங்க வீட்டுக்காரரோடது, இன்னொண்ணு கதவுக்குப் பின்னால மறைஞ்சு கிடந்துச்சு. அவரைத்தான் அந்த நாற்காலியில உக்கார வச்சு வரையணும்னு இருந்தேன். அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல இருக்க மாட்டாரு. ஃபோன் அடிக்குதும்பாரு, பால் பொங்குதும்பாரு. மூணாவது நாளு எழுந்து போனவரு திரும்பியே வரலை, பக்கத்து வீட்ல உக்காந்து பேசிக்கிட்டிருக்காரு. கோபத்துல அவரில்லாமலே வரைஞ்சு முடிச்சேன். செருப்பு மட்டும்தான் அசையாம இருந்துச்சு."

"குடை?" "அது நான் கழுவி வச்சது." மழை வீட்டுக்குள்ளேதான் பெய்தது என்று நிரூபிக்க நினைத்த சைக்கிள் கடை மாடிப் பையனுக்கு இது பெரிய ஏமாற்றம். "எங்க கதைதான் நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டான். வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் அவனைப் பார்த்துத் தலையாட்டினார். "ஆமா, உன் கதைதான் நல்லா இருக்கு." பிறகு வாத்தியாரிடம் திரும்பி, குரலைத் தணித்துச் சொன்னார். தணித்தும் கடைசி பெஞ்சுவரை கேட்டது. "ஏழு வருஷத்துல எத்தனை பேர் அதுக்கு எதிர்ல உக்காந்திருப்பாங்க. ஒருத்தர் வாயைத் திறந்து ஏன்னு கேட்டதில்ல."

"எல்லாருக்கும் பல்லு வலி அம்மா," என்றார் வாத்தியார்.

படம் அந்த வாரம் முழுக்க வகுப்பிலேயே இருந்தது. பிறகு கிளினிக்குக்குத் திரும்பியபோது கூடவே பிள்ளைகள் பிழை திருத்தி நல்ல கையெழுத்தில் எழுதிய முப்பத்திரண்டு கதைகளும் போயின. மாமியார் உத்தரவுப்படி டாக்டர் அவற்றை ஈறு விளம்பரத்தைக் கழற்றிய இடத்தில் ஒட்டினார். இப்போது அவருக்குப் புதுத் தலைவலி. நம்பர் கூப்பிட்டால் ஆள் எழுந்து வருவதில்லை. "இருங்க, இது ஒண்ணு பாக்கி" என்கிறார்கள். வீங்கிய தாடையோடு வந்து சித்தி கதையைப் படித்துச் சிரித்துவிட்டு, ஐயோ அம்மா என்று கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறவர்களைச் சமாளிக்கச் சீட்டுக் கொடுக்கும் பெண் தனியாக ஐஸ்கட்டி வைத்திருக்கிறாள்.

அடுத்த மாதம் ஒரு திங்கள்கிழமை, டாக்டரே பெரிய சட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டு பள்ளிக்கு வந்தார். கோட்டில் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது. "இன்னும் சரியாக் காயலை, யாரும் தொடாதீங்க. அத்தை கொடுத்தாங்க," என்றார். "இந்தத் தடவை முழுசாப் பாத்துட்டுத்தான் தூக்கிட்டு வந்தேன்."

புதுப் படத்தில் ஒரு வகுப்பறை. அதில் பிள்ளைகள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் இருக்கும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் வரைந்தால் என்ன ஆகுமோ என்று அந்த அம்மாளுக்கு இன்னும் பயம் போகவில்லை; அதனால் முப்பத்திரண்டும் முதுகு. சுருட்டைமுடிப் பையன் மட்டும் தன்னைச் சட்டென்று கண்டுபிடித்துக்கொண்டான். மற்றவர்களுக்குள் அடிதடி தொடங்கியது. "அது நான்!" "போடீ, உன் ஜடை அவ்வளவு நீளமில்ல." "காலர் கிழிஞ்சிருக்கு, அது நீதான்டா." "என் காலர் எங்க கிழிஞ்சிருக்கு?" அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாதே! கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் முதுகை ஒருவர் தடவிப் பார்த்துச் சாட்சி சொன்னார்கள்.

வாத்தியார் தலைப்பு எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்க நேரமும் இல்லை. கேள்விப்பெட்டி ஏற்கெனவே நோட்டைத் திறந்து, 'என் முதுகு என்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்றால்' என்று ஆரம்பித்துவிட்டாள். அவர் படத்துக்கு அருகில் போனார். ஓரத்தில், பிள்ளைகளைவிட உயரமாக முப்பத்துமூன்றாவது முதுகு ஒன்று இருந்தது. சட்டையில் நீளமாக ஒரு சுண்ணாம்புக் கோடு.

"டாக்டர்," என்றார் மெதுவாக, "என் சட்டையில பின்னால ஏதாவது இருக்கா?"

டாக்டர் அவருக்குப் பின்னால் போய், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு பல்லைப் பார்க்கிற கவனத்தோடு குனிந்து பார்த்தார்.